வாயில் கட்டிய பணம்

தாம்பரம் ரயில் நிலையத்தில், கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில்கள் நிற்கும் நடைமேடையின் தெற்குக் கோடியில் ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. கூரை அதற்கு முன்பே முடிந்துவிடும். வெயிலிலும் மழையிலும் அங்கே யாரும் உட்காருவதில்லை, மூன்று பேரைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே போக ஆரம்பித்ததற்குக் குதிரைகள் காரணமில்லை. ஊரப்பாக்கத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். மற்ற நால்வருக்கும் இரவு ஷிப்ட். ஞாயிறு பகல் முழுக்க ஜன்னலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டுத் தூங்குவார்கள். பேப்பரின் பக்கத்தை நான் புரட்டினால்கூட ஒருவன் கண்ணைத் திறக்காமலே "மச்சான், ப்ளீஸ்" என்பான். எனக்குச் சிறுசேரியில் வேலை. அமெரிக்காவில் யார் யாரோ ஆஸ்பத்திரிக்குப் போன ரசீதுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கம்பெனி பஸ் தாம்பரத்திலிருந்து கிளம்பும் என்பதால் என்னிடம் ஊரப்பாக்கம்–தாம்பரம் சீசன் டிக்கெட் இருந்தது. ஞாயிறன்றும் அது செல்லும். செலவில்லாமல் போய் உட்காரக்கூடிய இடம் என்று எனக்குத் தெரிந்தது ஸ்டேஷன் ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. போன் செய்தால் "சாப்டியா?" என்பார். "சாப்டேன்" என்பேன். அதற்குப் பிறகு இருவருக்கும் கேட்க ஒன்றும் இருக்காது. கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். ஆபீஸில் எல்லோரும் ஓயாமல் பேசினார்கள், ஆனால் இங்கிலீஷில் பேசினார்கள். சொல்ல நினைத்ததை நான் மனதுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் அவர்கள் வேறு விஷயத்துக்குப் போய்ச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதைச் சரிசெய்துவிடலாம் என்றுதான் ஞாயிறுதோறும் இங்கிலீஷ் பேப்பர் வாங்கினேன். ஒரு வரி விடாமல் படிப்பது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம்.

"தம்பி, அந்தப் பேப்பர்ல ரேஸ் பக்கம் மட்டும் குட்றியா? படிச்சிட்டு மடிப்பு கலையாம தந்துடறேன்."

கேட்டவர் கையில் மீன் வாடை. கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். காலையில் மனைவியோடு தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, மத்தியானம் கூடைகளை அவளோடு அனுப்பிவிட்டு இங்கே வந்து உட்காருவார். பக்கத்தில் இருந்த இன்னொருவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். மூன்றாமவர் எல்லோருக்கும் மூத்தவர். ஊரப்பாக்கம் பக்கம் வயல் வைத்திருந்து, அதையெல்லாம் மனையாக விற்றுவிட்டவர்.

நான் நீட்டிய பக்கத்தை மீன்காரர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், பிறகு நேராக. பிறகு என்னிடமே கொடுத்து, "நீயே படிப்பா. குதிரை பேரு, நம்பரு" என்றார். படித்தேன். அன்றிலிருந்து என் பெயர் 'பேப்பரு'.

மூன்று பேரும் ஒரு காலத்தில் கிண்டி ரேஸ் கோர்ஸே கதி என்று கிடந்தவர்கள். இப்போது மூவருமே ஒரு ரூபாய்கூடக் கட்டுவதில்லை. வேன் டிரைவர் சபரிமலைக்கு மாலை போட்டபோது விட்டவர். நிலத்துக்காரர் தானாக விடவில்லை; மனை விற்ற பணத்தைப் பிள்ளைகள் பிடுங்கி வைத்துக்கொண்டு, டீக்கு மட்டும் சில்லறை கொடுத்து அனுப்புகிறார்கள். மீன்காரர் ஒரு மாலை நேரத்தில் தன் படகின் இன்ஜினைக் கிண்டியில் தொலைத்தார். இன்ஜினை விற்ற பணம் ஜோபியில் இருந்தது, வீடு திரும்பும்போது இல்லை. அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. அடுத்தவன் பிடித்த மீனை வாங்கி விற்றார். மனைவி அவர் கையை எடுத்துப் பெண் குழந்தையின் தலைமேல் வைத்து, இனிமேல் கட்டுவதில்லை என்று சொல்ல வைத்திருந்தாள். அதை அவரே எனக்குச் சொன்னார், நான் கேட்காமலே.

பணம் கட்டுவதை விட்டார்களே தவிர, குதிரையை விட முடியவில்லை. அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வாயில் கட்டுவார்கள். ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னால், "ஏழாம் நம்பர், ஐந்நூறு" என்று சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். சொன்னதை மாற்றக் கூடாது. குதிரை தோற்றால், "மிச்சம்!" என்று கத்திக் கைகொடுத்துக்கொள்வார்கள். ஐந்நூறு ரூபாய் மிச்சமாகிவிட்டதல்லவா! வாரம் முழுக்கப் பிள்ளைகளிடம் தலைகுனிந்து சில்லறை வாங்கும் நிலத்துக்காரர், அந்தப் பெஞ்சில் ஒரே மத்தியானத்தில் மூவாயிரம் நாலாயிரம் மிச்சம்பிடித்துவிட்டு நிமிர்ந்து நடந்து போவார். யார் குதிரையாவது ஜெயித்துவிட்டால்தான் வம்பு. அவருக்குத் தண்டனை உண்டு. எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

முடிவு வந்துசேரும் விதம் இன்னும் விசேஷம். மீன்காரரின் மச்சான் ரேஸ் கோர்ஸ் வாசலில் சுண்டல் விற்பவன். ரேஸ் முடிந்ததும் மீன்காரருக்கு மிஸ்டு கால் கொடுப்பான். எத்தனை முறை அடித்து அறுகிறதோ, அந்த நம்பர் குதிரை ஜெயித்தது. பதினொன்றாம் நம்பர் ஜெயித்தால் போன் பதினோரு முறை அழும். நாலு பேரும் குனிந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்போம். பக்கத்தில் போகிறவர்கள், ஏதோ துக்கச் செய்தி போல என்று நினைத்து மெதுவாக நடப்பார்கள். எக்காரணம் கொண்டும் போனை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவனுக்குக் காசு போய்விடும்.

இரண்டு ரேஸுக்கு நடுவே அரை மணி நேரம் இருக்கும். அந்த நேரமெல்லாம் சண்டை.

"நேத்து டிவில பாத்தேன் மச்சான்," என்று ஒரு ஞாயிறு வேன் டிரைவர் ஆரம்பித்தார். "இங்கிலாந்துல. வேலி வெச்சிக்கிறான், ஆள் ஒசரத்துக்கு. அத்தினி குதிரையும் தாண்டிக்கினு ஓடுது. ஒண்ணு ரெண்டு வேலி இல்ல. வந்துகினே கீது."

"தாண்டாதது?" என்றார் நிலத்துக்காரர்.

"வுழுது."

"வுழுந்தா?"

வேன் டிரைவர் கொஞ்சம் தயங்கினார். "வுழுந்த எடத்துல பச்சைத் துணி கட்டி மறைச்சிட்டாங்க. துணிக்குப் பின்னாலருந்து அது வெளிய வரவேயில்ல."

நிலத்துக்காரர் வெற்றிலையைத் தண்டவாளத்தில் துப்பினார். "அது பந்தயமாடா? ஓட்றது குதிரைக்குப் பொறப்பு. தாண்டறதுக்கு அது கேட்டுச்சா? ஏர் மாட்டை நான் ஒரு நாள் அடிச்சதில்ல."

"மாட்டை அடிக்கல, வயலையே வித்துட்ட. போவியா!"

"தே, அது வேற."

"வேலியில்லாத ஃப்ளாட் ரேஸுல இன்னா கீது சொல்லு? வஞ்சிரம் வஞ்சிரம்தான், காரப்பொடி காரப்பொடிதான். அங்க அப்டி இல்ல. பெரிய குதிரை மொத வேலியிலயே குப்புற. எவனும் சீண்டாத குதிரை முன்னால வந்து நிக்குது. பேசி வெச்சிக்கினு ஓட்ட முடியுமா அத? அதான் ரேஸு."

வஞ்சிரமும் காரப்பொடியும் மீன்காரர் கொடுத்த பெயர்கள். எல்லோரும் பணம் கட்டும் குதிரை வஞ்சிரம். யாரும் சீண்டாதது காரப்பொடி. அவரோ வேன் டிரைவரின் கட்சியில் சேரவில்லை. "கணக்கு போட முடியாததுக்குப் பேரு ரேஸ் இல்லடா, லாட்டரி. பேசி வெச்சிக்கிறான்னு தோத்தவன் எல்லாருந்தான் சொல்றான். நானும் சொன்னேன். ஜாக்கி குதிரைய இஸ்துப் புட்ச்சிட்டான்னு எங்க வூட்ல போய்ச் சொன்னேன். அவ ஒரே வார்த்தை கேட்டா, 'உன் கைய யாரு இஸ்துக்கினு போனது?'ன்னு."

நிலத்துக்காரர்தான் பேச்சை மாற்றினார். "இன்னும் பத்து வருசம். கிண்டியில குதிரை இருக்காது. இப்பவே யார் வரான்? எல்லாம் நம்மள மாதிரி கெழடு. சின்னப் பசங்க கிரிக்கெட்டு, ஷேருன்னு போய்ட்டானுங்க. அந்த எடத்தைப் பிளாட்டு போட்டா எவ்ளோ வரும் தெரியுமா?"

"பாருடா, அதுக்கும் வெல போட்டுட்டான்!"

மீன்காரர் மட்டும் இன்னும் அந்த வேலியிலேயே இருந்தார். "ஏய், ஒண்ணு கேக்கறேன். வேலியில ஜாக்கி வுழுந்துட்டான். குதிரை வுழல. அது இன்னா பண்ணும்?"

"அதுபாட்டுக்கு ஓடுது. ஆளே இல்ல. மத்த குதிரைங்களோட சேந்து ஓடுது, வேலியெல்லாம் தாண்டுது."

"ஏன்? மேல ஆள் இல்லியே. நின்னு புல்லு துன்னலாம் இல்ல?"

அதுவரை அவர்கள் விவாதத்தில் நான் வாயைத் திறந்ததே இல்லை. பெயரும் நம்பரும் படிப்பதோடு சரி. "கூட்டத்தை விட்டுத் தனியா நிக்க அதுக்குப் பயமா இருக்கும்ணா" என்றேன்.

மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது மொதல்ல வந்தா ஜெயிச்சதா?" என்று மீன்காரர் கேட்டார்.

"கணக்குல சேராது" என்றார் வேன் டிரைவர்.

அன்று முதல் எனக்கும் வாயில் கட்ட அனுமதி கிடைத்தது. வர நேரமானால் மீன்காரர் எனக்கும் ஒரு மிஸ்டு கால் விடுவார். அந்த நகரத்தில் நான் இன்னும் வரவில்லையே என்று பார்த்த ஆட்கள் அவர்கள் மூன்று பேர்தான். அதனால் வாயில் கட்டுவதை நான் நன்றாகச் செய்ய விரும்பினேன். இது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே இருக்கும் குணம். எதைக் கொடுத்தாலும் உட்கார்ந்து படித்துவிடுவேன்.

இங்கிலீஷ் பேப்பரில் எனக்குத் தட்டாமல் புரிந்த ஒரே பக்கம் ரேஸ் பக்கம். தலையங்கத்தில் ஒரு வாக்கியம் ஆறு வரி போகும். இங்கே ஒவ்வொரு குதிரைக்கும் நாலைந்து சொல்தான். நன்றாக ஓடி முடித்தது. கடைசியில் களைத்தது. தூரம் கூடினால் சரிவரும். ஓய்வுக்குப் பின் வருகிறது, இன்னும் தேறும். இவற்றைப் படிக்கப் படிக்க ஒவ்வொரு குதிரையையும் தெரிந்த ஆள் மாதிரி ஆகிவிட்டது. வார நாட்களில் நூலகத்துக்குப் போய்ப் பழைய பேப்பர்களைத் தேடி, போன தடவை எவ்வளவு எடை சுமந்தது, யாரிடம் எவ்வளவில் தோற்றது என்று பார்த்துவைத்துக்கொண்டேன். மற்றவர்கள் பெயர் ராசி, நம்பர் ராசி பார்த்துச் சொன்னார்கள். நான் படித்துச் சொன்னேன்.

முதலில் நான் ஜெயித்தபோது எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. "பேப்பரு மாட்னான்டா! டீ வாங்கு!" டீ வாங்குவதற்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுவாரமும் வாங்கினேன். அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை வாங்கினேன். தண்டனை என்பதே எனக்கு உறைக்கவில்லை. ஆபீஸில் யாருக்கும் நான் எதையும் வாங்கிக் கொடுத்ததில்லை. கேட்கும்படி யாரும் இல்லை.

பிறகு ஒரு ஞாயிறு, நான் சொன்ன நாலு குதிரை வரிசையாக ஜெயித்தது. முதல் ரேஸுக்கு மீன்காரரின் போன் இரண்டு முறை அடித்தது. நான் சொன்னது இரண்டு. அடுத்ததற்கு ஒன்பது. அதுவும் நான் சொன்னதுதான். மூன்றாவது முடிந்ததும் வேன் டிரைவர், "இன்னாடா இவன், குதிரை கிட்டயே பேசிட்டு வரானா?" என்றார். நாலாவதற்கு யாரும் வாய்விட்டு எண்ணவில்லை. போன் நின்றதும் மீன்காரர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் ஒவ்வொரு கணுவாக ஏறி இறங்கியது.

"இந்த நாலையும் நெஜமா கட்டியிருந்தா," என்றார், "இன்ஜின் வந்திருக்கும்."

அன்று யாரும் டீ கேட்கவில்லை. நானே வாங்கி வந்தேன். அவருடைய டீ பெஞ்சின்மேல் ஆடை கட்டி ஆறியது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது மீன்காரர் பெஞ்சில் இல்லை. நடைமேடையில், ரயில் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் நின்றிருந்தார். துவைத்த சட்டை. ஒரு கை ஜோபியை விட்டு வெளியே வரவேயில்லை. மற்ற இருவரும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். நிலத்துக்காரர், "சின்ன வேலையா கிண்டி வரைக்கும் போறானாம்" என்று எனக்குச் சொன்னார். சின்ன வேலை என்ன என்பது நாலு பேருக்கும் தெரியும்.

கடற்கரை ரயில் வந்து நின்றது. மீன்காரர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேப்பரு, இன்னிக்கி மூணாவது ரேஸு இன்னா?"

"அவன்கிட்ட கேக்காத" என்று வேன் டிரைவர் அவர் தோளைப் பிடித்தார்.

"நீ கம்னு இரு. ஒண்ணே ஒண்ணு. பேப்பரு, சொல்லுபா. நீ சொன்னா நான் போறேன். இல்லாங்காட்டி போவல."

எனக்குத் தெரியும். ஐந்தாம் நம்பர். வாரம் முழுக்க அந்தக் குதிரையோடுதான் இருந்தேன். ஓய்வுக்குப் பின் வருகிறது, எடை குறைந்திருக்கிறது, தூரம் சரியாக இருக்கிறது. அந்த ஊருக்கு வந்த நாளாக என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காக இப்படி யாரும் காத்து நின்றதில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் ஜோபிக்குள் கை இறுகுவது துணிக்கு மேலேயே தெரிந்தது.

"இந்த வாரம் நான் படிக்கலண்ணா" என்றேன்.

ரயில் ஊதியது. அவர் காலை எடுத்துக் கீழே வைத்தார்.

நால்வரும் பெஞ்சுக்கு வந்தோம். அன்று யாரும் எதையும் வாயில் கட்டவில்லை. கோயில் வாசலில் வண்டிக்காகக் காத்திருப்பவர்கள் போல ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஆனால் சுண்டல் விற்கும் மச்சானுக்கு இதெல்லாம் தெரியாதே. அவன் தன் வேலையைச் செய்தான். மூன்றாவது ரேஸ் முடிந்ததும் போன் அடித்தது. அறுந்தது. அடித்தது. எண்ணக் கூடாது என்றுதான் நாலு பேரும் இருந்தோம். ஐந்தோடு நின்றது.

மீன்காரர் போனைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "படிச்சிக்கினுதான் வந்துருக்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

நிலத்துக்காரர் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, என்னோடு படிக்கட்டு வரைக்கும் நடந்து வந்தார். "தப்பா எடுத்துக்காதப்பா. நாங்க தோத்துக்கினே இருந்த வரைக்கும் நல்லா இருந்தோம். நீ ஜெயிக்க ஆரம்பிச்ச, எங்களுக்குப் பயமாப் போச்சு. இன்னிக்கி அவன். நாளைக்கி நான்தான். எம் பசங்க பணம் வெச்சிருக்கற பீரோ சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"இனிமே தப்புத் தப்பா சொல்றேண்ணா. தோக்கற குதிரையா பாத்துச் சொல்றேன்."

அவர் சிரித்தார். என் கன்னத்தைத் தட்டினார். "உன்னால முடியாதுப்பா. மூஞ்சிலயே எழுதியிருக்கு. கொஞ்ச நாள் வராத."

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினேன். பள்ளிக்கரணையில் இறங்கி, சாலை ஓரத்தில் நின்று சதுப்பு நிலத்துத் தண்ணீரில் பறவைகளைப் பார்த்தேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது. இரண்டாவது வாரம், எனக்குப் பக்கத்தில் நின்றவர் கேமராவோடு வந்த தன் நண்பரிடம் இங்கிலீஷில் ஒவ்வொரு பறவைக்கும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். பேப்பர் வாங்குவதை நிறுத்தவில்லை. ரேஸ் பக்கம் வந்தால் மட்டும் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டிவிடுவேன்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். மீன்காரர் கிண்டிக்குப் போனாரா இல்லையா? தாம்பரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது மார்க்கெட் பக்கம் கண் போகும். காலை ஷிப்டுக்கு நான் நிற்கும் நேரத்தில் மீன் இன்னும் வந்திருக்காது. வராதே என்ற பிறகு போன் செய்து கேட்கத் துணிவில்லை; ஆள் விட்டுக் கேட்கவும் எனக்கு ஆள் இல்லை.

மழை விட்ட ஒரு ஞாயிறு மத்தியானம், அறையில் படுத்திருந்தேன். ஜன்னலில் போர்வை. போன் அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்து நின்றது. "மச்சான், ப்ளீஸ்" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. எடுத்துக்கொண்டு மொட்டைமாடிப் படிக்கு ஓடினேன். மீன்காரரின் நம்பர். மூன்றாவது முறை அடித்தது.

ரேஸ் முடிவை மிஸ்டு காலில் சொல்கிறவன் கிண்டியில் நிற்கிறவன். எனக்குத் தெரிந்து அப்படித்தான். அவர் இப்போது எங்கிருந்து அடிக்கிறார்? மிஸ்டு காலில் ஊர் தெரியாது. ஜனங்களின் கூச்சலா, ரயில் சத்தமா எதுவும் கேட்காது. நாலாவது முறை அடித்தபோது, செய்யவே கூடாததைச் செய்தேன். பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை செல்லும் வண்டி. தாம்பரம்.

"அடப்பாவி! எடுத்துட்டியேடா!" மீன்காரர் கத்தினார். "ஒரு ரூபா பூட்ச்சு! எண்ணிக்கினு இருக்கறப்ப எவனாவது எடுப்பானா?"

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன்? பெஞ்சுலதான். எங்க போவேன்னு நென்ச்ச?"

பின்னால் நிலத்துக்காரரின் குரல்: "பேப்பருக்கா அடிக்கற? எந்த ரேஸுன்னு சொல்லாதடா! நம்பர் மட்டும் குடு, போதும்!"

"கேட்டுச்சா? நம்பர் மட்டும்தான். வெய்யி, வெய்யி, காசு ஓடுது."

வைத்துவிட்டார். அங்கேயே படியில் உட்கார்ந்தேன். ஈரப் படி, பேன்ட் நனைந்தது. போன் மறுபடி அடித்தது, அறுந்தது. ஐந்து. அடித்தது. ஆறு. அதோடு நின்றது. இனி அடிக்காது என்று தெரிந்தும் கையிலேயே வைத்திருந்தேன். எந்த ரேஸ் என்று தெரியாது, எந்தக் குதிரை என்று தெரியாது. நான் எதையும் வாயில் கட்டியிருக்கவும் இல்லை.

"மிச்சம்" என்றேன். உள்ளே தூங்குகிறார்கள் என்பதால் மெதுவாகத்தான்.